பயணத்தில் பெற்றோருக்கு உடல்நலம் குன்றினால்...

(தென்காசியில் குற்றாலச் சாரல் பருவத்துக்கு முன்பாக நடந்த ஆசிரியர்களுக்கான முதலுதவி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஓர் அறிவியல் ஆசிரியை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் வயதான அப்பாவோ அம்மாவோ வீட்டில் இருப்பார்கள். கோடை விடுமுறை, தேர்வு விடுமுறை என்று நமக்கு ஓய்வு கிடைக்கும்போதுதான் அவர்களை வெளியே அழைத்துப் போகிறோம். திருச்செந்தூர், பழனி, இராமேஸ்வரம், குற்றாலம் என்று போகிறோம். துணிமணி, தின்பண்டம், அறை முன்பதிவு எல்லாம் யோசிப்போம். தெரியாத ஊரில் அவர்களுக்குத் திடீரென்று ஏதாவது ஆனால் என்ன செய்வது என்பதை யோசிக்க மனம் வராது. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அபசகுனமாக எதற்கு என்று விட்டுவிடுவோம். அந்தப் பேச்சைத்தான் இன்று நான் பேச வந்திருக்கிறேன்.

நான் இப்போது தென்காசி மாவட்டத்தில் பணியாற்றுகிறேன். இதற்கு முன்பு விருதுநகர் மாவட்டத்தில் இருந்தேன். 2022 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, என் அம்மாவைச் சாரலுக்கு அழைத்து வந்தேன். அம்மா தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்தவர். வயது அப்போது 67. இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரை தவறாமல் சாப்பிடுவார். சங்கரன்கோவில் வழியாக இரயிலில் வந்து, தென்காசியில் இறங்கி, குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கினோம். மறுநாள் காலை ஐந்தருவிக்குப் போனோம்.

அருவியில் குளிக்கப் போகிறவர்கள் கையில் என்ன இருக்கும்? ஒரு துண்டு, ஒரு மாற்றுத்துணி, சோப்பு, கொஞ்சம் சில்லறை. கைப்பேசி அறையில் இருக்கும். மாத்திரை டப்பா அறையில் இருக்கும். மருத்துவர் எழுதிய சீட்டு ஊரில் பீரோவில் இருக்கும். குற்றாலத்துக்கு வரும் பெரும்பாலான குடும்பங்களின் நிலை இதுதான். உள்ளூர் ஆசிரியர்களாகிய நீங்கள் இதைத் தினமும் பார்க்கிறீர்கள்.

அம்மா குளித்துவிட்டு வெளியே வந்தபோது, "தண்ணி என்னமா அடிக்குது! பஜ்ஜி வாங்கிச் சாப்பிடுவோமா?" என்று கேட்டார். அறைக்குத் திரும்ப நேரம் சரியாக இருக்குமா என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி 10.20. சில நிமிடங்களில் அவர் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனார். வலது கை விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. "என்னம்மா?" என்று கேட்டேன். பதில் குழறியது. வாயின் வலது ஓரம் தொங்கியிருந்தது.

முகம், கை, பேச்சு

பக்கவாதத்தை அடையாளம் காண மூன்று சோதனைகள் போதும். சிரிக்கச் சொல்லுங்கள், முகம் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை தாழ்கிறதா என்று பாருங்கள். ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். குழறுகிறதா, புரியாமல் விழிக்கிறாரா என்று கவனியுங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108. நான்காவதாகச் செய்ய வேண்டியது, நேரத்தைக் குறித்துக்கொள்வது.

நேரம் ஏன் அவ்வளவு முக்கியம்? பக்கவாதத்தில் பெரும்பான்மையானவை மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு ஏற்படுவதால் வருபவை. சில, இரத்தக்குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் வருபவை. அடைப்பாக இருந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்து இருக்கிறது. ஆனால் அதை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இரத்தக்கசிவாக இருந்தால் அதே மருந்து உயிருக்கே ஆபத்து. எனவே சி.டி. ஸ்கேன் எடுக்காமல் எந்த மருத்துவரும் போட மாட்டார். பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாம் ஒரு பாடவேளை நடத்தும் நேரத்துக்குள் எவ்வளவு அழியும் என்று பெருக்கிப் பாருங்கள்.

கூட்டம் கூடியது. ஒருவர் சோடா வாங்கி வந்தார். இன்னொருவர் விரல் நுனியில் ஊசியால் குத்தச் சொன்னார். புறா இரத்தம் தேய்த்தால் சரியாகும் என்றார் ஒரு பெரியவர். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாது. வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். மாத்திரையும் கொடுக்கக் கூடாது. கசிவா, அடைப்பா என்று தெரியாத நிலையில் வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினைக் கொடுப்பதும் தவறு. ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் கொடுக்காமல் இருப்பதுதான் அப்போதைக்கு உதவி.

அங்கே கடை வைத்திருந்த ஓர் அம்மா சொன்னது மட்டும் மிகச் சரியான யோசனை. "ஏம்மா, ஈரத்தோட கொண்டு போவாத. மொதல்ல சேலைய மாத்து" என்றார். நான்கு பெண்கள் சுற்றி நின்று துண்டுகளை விரித்து மறைத்துக்கொண்டார்கள். இரண்டு நிமிடத்தில் அம்மாவுக்கு உலர்ந்த சேலை சுற்றினோம். படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கிய ஓர் இளைஞரை அந்தக் கடைக்கார அம்மாவே அதட்டி அனுப்பினார். அவருடைய கைப்பேசியிலிருந்துதான் 108-ஐ அழைத்தேன்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. கட்டணம் கிடையாது. அழைத்தவுடன் மாவட்டம், ஊர், அருகில் உள்ள அடையாளம் ஆகியவற்றைக் கேட்பார்கள். "குற்றாலம்" என்று மட்டும் சொன்னால் போதாது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று அருவிகள் தள்ளித்தள்ளி இருக்கின்றன, சாலைகளும் வேறு. எந்த அருவி, அங்கே எந்த இடம் என்று சொல்ல வேண்டும். சீசனில் வாகன நெரிசல் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பணியிலிருந்த காவலரிடம் ஒருவர் ஓடிப் போய்ச் சொன்னதால் வாகனத்துக்கு வழி கிடைத்தது. ஆம்புலன்ஸில் முதல் வேலையாக விரலில் குத்தி இரத்தச் சர்க்கரை பார்த்தார்கள். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தோன்றும் என்பதால் அந்தச் சோதனை.

தென்காசியிலிருந்து திருநெல்வேலி

தென்காசி மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்போ நல்லாப் பேசினாங்க?" என்பது. அறிகுறியை நாம் எப்போது கவனித்தோம் என்பதைவிட, கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரம் எது என்பதே மருத்துவருக்கு வேண்டும். தூக்கத்தில் பக்கவாதம் வந்திருந்தால், முந்தைய இரவு படுக்கப் போன நேரத்திலிருந்து கணக்குத் தொடங்கும். "பத்து இருபது" என்றேன். ஸ்கேன் எடுத்தார்கள். கசிவு இல்லை, அடைப்பு. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லிவிட்டு அங்கே அனுப்ப முடிவு செய்தார்கள்.

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் தடுமாறும். கோயம்புத்தூரில் இருந்த தம்பி, "அக்கா, மதுரைக்குக் கொண்டு போயிடு. அங்க நமக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார்" என்றான். சித்தி, ஊருக்கே அழைத்து வரச் சொன்னார். தெரியாத ஊரில் ஆபத்து வந்தால் தெரிந்த ஊருக்கு ஓடத்தான் மனம் சொல்லும். நான் மருத்துவரிடமே கேட்டேன். அவர் கடிகாரத்தைக் காட்டினார். 2.50-க்குள் ஊசி போட வேண்டும். திருநெல்வேலி சுமார் 55 கிலோமீட்டர். மதுரை அதைப்போல் மூன்று மடங்கு தூரம். போய்ச் சேர்ந்து, பதிவு செய்து, மருத்துவர் பார்ப்பதற்குள் கெடு முடிந்துவிடும். தம்பியிடம் அந்தக் கணக்கை அப்படியே சொன்னேன். "சரிக்கா, திருநெல்வேலியே போ. நான் அங்க வந்துடுறேன்" என்றான். உறவினரோடு வாதாடும்போது கிலோமீட்டரையும் மணியையும் சொல்லுங்கள். ஒரே ஒருவர் முடிவெடுக்கட்டும். மற்றவர்களுக்குத் தகவல் சொல்லும் வேலையை இன்னொருவரிடம் ஒப்படையுங்கள்.

திருநெல்வேலியில் 2.05-க்கு ஊசி போட்டார்கள்.

அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்

ஆம்புலன்ஸில் இருந்த நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மாவால் பேச முடியவில்லை. ஆனால் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பேச்சு போய்விட்டால் புரிதலும் போய்விட்டது என்று நினைத்து, அவர்கள் தலைமாட்டிலேயே "பிழைப்பாரா?", "கை வருமா?" என்று பேசிவிடுகிறோம். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைக்குப் பாடம் புரியவில்லை என்று நாம் முடிவு கட்டுவதில்லை அல்லவா? அதே எச்சரிக்கை இங்கேயும் வேண்டும்.

நல்லபடியாக இருந்த இடது கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உனக்குப் பக்கவாதம் மாதிரி இருக்கு. திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். அங்க ஊசி போடுவாங்க. நான் கூடவே இருக்கேன். புரிஞ்சா கைய அமுக்கும்மா" என்றேன். அமுக்கினார். அதன்பிறகு ஆலங்குளம் வந்தாச்சு, இன்னும் பாதி தூரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். என்ன நடக்கிறது, எங்கே போகிறோம், அடுத்து என்ன செய்வார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பது அவர்களின் பயத்தைக் குறைக்கும். உடை மாற்றும்போதும், குழாய் செருகும்போதும் "இப்ப இதைச் செய்யப் போறாங்க" என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். பெற்ற பிள்ளை முன்னால் உடை விலகுவது அவர்களுக்கு உயிர் போவதைவிடப் பெரிய விஷயமாக இருக்கும்.

இரண்டாம் நாள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வலது கைக்குப் பல மாதங்கள் ஆயின. ஊர் திரும்பிய பிறகு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தார். அம்மா தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். அதுவரை கைநாட்டு. மருத்துவமனையில் ஒரு தாளில் பெருவிரல் ரேகை வைக்கச் சொன்னபோது அவர் முகம் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன். வீட்டில் சிலேட்டு வாங்கி வைத்து, விரல்களுக்கு இடையில் பலப்பத்தைப் பிடிக்க வைத்துத் தொடங்கினோம். தைப்பொங்கலுக்குப் பிறகு வங்கியில் அவரே கையெழுத்துப் போட்டார். எழுத்துகள் கோணலாக இருந்தன. காசாளர் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து யோசித்தார். "எங்க கையெழுத்துதான் சார், நல்லாப் பாருங்க" என்று அம்மா சொன்னார்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

ஒன்று: பெற்றோரின் பெயர், வயது, நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாமை, இரண்டு தொலைபேசி எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, நெகிழிப் பையில் போட்டு அவர்களோடு வைத்திருங்கள். கைப்பேசியில் மட்டும் இருந்தால் அருவிக்கரையில் உதவாது.

இரண்டு: காப்பீட்டைப் பாருங்கள். அரசு ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டு அட்டையில், திருமணமான ஆசிரியரின் பெற்றோர் சேர்வதில்லை. அவர்களுக்குத் தகுதி இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள். ஓய்வூதியர்களுக்குத் தனித் திட்டம் உண்டு.

மூன்று: போகும் ஊரில் ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனை எது, அடுத்த பெரிய மருத்துவமனை எது, எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளுங்கள். குற்றாலத்திலிருந்து ஆரியங்காவு, தென்மலை என்று கேரளப் பக்கம் போகிறவர்கள் 112 என்ற எண்ணையும் நினைவில் வையுங்கள். அது நாடு முழுவதற்கும் பொதுவானது.

நான்கு: வயதானவர்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். திடீர் வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், மயக்கம் வந்தால் வாயுத்தொல்லை என்று இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கு முதல் மாத்திரைகள் கொடுக்க 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்திருக்கிறது. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. வேறு மாநிலத்தவருக்கும் இது பொருந்தும்.

கடைசியாக, நம் மாணவர்கள். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன வீட்டில் தாத்தா பாட்டியோடு இருப்பவர்கள் அவர்கள்தான். பக்கவாதத்தை முதலில் பார்க்கப் போவதும் பல வீடுகளில் அவர்கள்தான். காலை வணக்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முகம், கை, பேச்சு ஆகிய மூன்றையும் இரண்டு பிள்ளைகளை வைத்து நடித்துக் காட்டச் சொல்லுங்கள். 108-க்கு எப்படி முகவரி சொல்வது என்று ஒவ்வொருவரும் தன் தெருவையும் வீட்டுக்கு அருகில் உள்ள அடையாளத்தையும் சொல்லிப் பழகட்டும். "கடைசியா எப்போ நல்லாப் பேசினாங்க?" என்ற கேள்வியை எழுதிப் போடுங்கள். மாத்திரைப் பட்டியல் எழுதுவதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்; பாட்டியின் மாத்திரை அட்டையைப் பார்த்து எழுதி வரட்டும். என் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதைச் செய்து கொண்டுவந்தபோது, காலாவதியான மாத்திரைகளை மூன்று வீடுகளில் கண்டுபிடித்திருந்தார்கள்.

சாரல் தொடங்கப் போகிறது. வெளியூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் வருவார்கள். அவர்களில் யாராவது நடுங்கும் கையோடு உங்களிடம் கைப்பேசி கேட்டால் கொடுங்கள். எந்த அருவி, எந்த இடம் என்பதை நீங்களே 108-க்குச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.