தப்பும் ஒலிபெருக்கியும்

 

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாவில் இசையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நமது கருத்து.

ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டின் தலைநகர் கின்சாசா. அங்கே 1960-களில் மவாங்கு மிங்கியேடி என்பவர் ‘கொனோனோ நம்பர் ஒன்’ என்னும் இசைக்குழுவைத் தொடங்கினார். அவரது கருவி ‘லிகெம்பே’. சிறு மரப்பெட்டியின் மேல் பொருத்திய உலோகத் தகடுகளைக் கட்டைவிரல்களால் மீட்டுவது. நகரத்து இரைச்சலில் அதன் ஒலி எடுபடவில்லை. ஆதலின் பழைய மோட்டார் வாகனப் பாகங்களிலிருந்து காந்தங்களைப் பிரித்தெடுத்து, ஒலிவாங்கிகளைத் தாமே செய்தனர். வெள்ளையர் ஆட்சிக்காலத்துப் பழைய ஒலிபெருக்கிகளை முழங்கச் செய்தனர். சட்டி பானைகளும் வாகனத் தகடுகளும் தாளக் கருவிகளாயின. ஒலி கரகரத்தது, அக்கரகரப்பையும் இசையாகவே ஏற்றனர். 2004-இல் வெளிவந்த இசைத்தட்டின் வழியே உலகம் அவர்களை அறிந்தது.

இதில் மாயம் ஏதுமில்லை. கம்பிச்சுருளின் அருகே காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்சாரம் பிறக்கும். 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட இவ்வுண்மை நம் பிள்ளைகளின் பாடநூலில் உள்ளது. பாரடேயோ கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர்.

நம் நாட்டிலும் 2017-இல் இயக்குநர் பா. இரஞ்சித் அவர்களும் இசையமைப்பாளர் தென்மா அவர்களும் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவை அமைத்தனர். ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்தைத் தழுவிய பெயர் அது. 2018 சனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அவர்களது முதல் மேடை. சாவு வீட்டோடு ஒதுக்கப்பட்டிருந்த கானாவும், பறையும், சட்டியும் மின்கிதாருக்குச் சமமாக அங்கே நின்றன. ஆண்களே மிகுதியாகப் பாடிவந்த கானாவை அக்குழுவில் இசைவாணி என்னும் பெண் பாடினார்.

நம் ஒரத்தநாட்டுப் பக்கத்துத் தப்பை எண்ணிப் பாருங்கள். மூன்று வளைந்த மரத்துண்டுகளை இரும்புத் தகட்டால் இணைத்து, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டி, வைக்கோல் தீயில் காய்ச்சுகிறோம். சூடேறினால் தோல் விறைக்கும். விறைத்தால் சுருதி உயரும். இஃது அறிவியல் அன்றோ? தப்பு என்னும் சொல்லுக்குப் பிழை என்றும் பொருளுண்டு. பிழை, அடித்தவனுடையதன்று, அடிக்கக் கட்டாயப்படுத்தியவனுடையது.

தப்பையே தூக்கி எறிவோம் என்னும் இளைஞரின் சினம் நியாயமானதே. ஆயினும் இழிவு கருவியில் இல்லை, கட்டாய ஊழியத்தில் உள்ளது. மகார் மக்களைப் பிணித்திருந்த ‘வத்தன்’ என்னும் பரம்பரை ஊழிய முறையை மாற்ற அண்ணல் அம்பேத்கர் 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அவர் உடைக்க முயன்றது அக்கட்டைத்தான். மேடையில் நம் ஆட்டத்திற்குக் கைதட்டும் ஊர், மறுநாள் சாவுக்கு வந்து அடி என்று ஆணையிட்டால், மறுக்க வேண்டும். வேறு பிழைப்பு உள்ளவனே அவ்வாறு மறுக்க இயலும். அப்பிழைப்பைத் தருவது கல்வி. ஆதலின் படிப்பை விட்டு மேடைக்கு ஓடாதீர்; மேடையை வெறுத்துக் கலையையும் இழக்காதீர்.

இளைஞர்களே! வீட்டில் கிடக்கும் பழைய வானொலியையும் டேப்ரிக்கார்டரையும் பழைய இரும்புக்குப் போடுமுன் பிரித்துப் பாருங்கள். உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கும். அவற்றின் இயக்கத்தை அறிந்து, தப்பின் தாளத்தையும் ஆசானிடம் முறையாகக் கற்றவன் எந்த மேடையிலும் பிறர் தயவில் நிற்க வேண்டியதில்லை.