மடிக்கேரி கண்டோம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சென்ற சனவரித் திங்களில் நம் குடியிருப்பிலிருந்து 42 பேர் குடகு நாட்டுக்குச் சென்று மீண்டோம். சென்றவர்கள் கண்டதைச் செல்லாதவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பது செயற்குழுவின் கட்டளை. காலையில் காப்பி அருந்தாமல் செய்தித்தாளைக் கையால் தொடாத நம்மவர், அந்தக் காப்பி எந்த மண்ணில் எவர் உழைப்பால் விளைகிறது என்பதை அறியாதிருப்பது முறையன்று என்று இப்பயணத்தை முன்மொழிந்தோர் வாதிட்டனர். உதகையே போதும் என்றவர்களும் உண்டு. இறுதியில் காப்பிக் கட்சியே வென்றது.

பெங்களூரிலிருந்து மடிக்கேரி ஏறத்தாழ 260 கிலோமீட்டர். மைசூரையும் ஹுணசூரையும் கடந்து சென்றோம். திபெத்திய மக்கள் 1961 முதல் குடியமர்ந்து வாழும் பைலகுப்பேயில் இறங்கிப் பொன்வண்ணப் புத்தர் திருவுருவங்களைக் கண்டோம். குசால் நகரில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் குடகு தொடங்குகிறது. வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்வதற்கில்லை. பேருந்தில் பாதிப் பேர் உறங்கினார்கள்.

கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,150 மீட்டர் உயரத்தில் உள்ளது மடிக்கேரி. சமதளம் என்று சொல்லத்தக்க இடம் அவ்வூரில் அரிது. ஒரு வீட்டின் வாசல் மற்றொரு வீட்டின் கூரைக்கு நேராக நிற்கிறது. சிவந்த ஓட்டுக் கூரைகளுக்குக் கீழே நீலச் சுவர், மஞ்சள் சுவர், கிளிப்பச்சைச் சுவர் எனப் படிப்படியாக இறங்கும் அக்காட்சியை, நவராத்திரிக் கொலு என்று நம் குழந்தை ஒன்று சொல்லிற்று. அதனினும் சிறந்த உவமை எங்களுக்குத் தோன்றவில்லை. நான்கு மாத மழையில் சுவர்கள் பாசி பிடித்துக் கறுத்துவிடுமாம். மழை ஓய்ந்து தசரா வருவதற்குள் வண்ணம் பூசிவிடுவோம் என்று கடைத்தெருவில் ஒருவர் சொன்னார்.

இவ்வூரை 1681-ஆம் ஆண்டில் நிறுவியவன் முத்துராசன் என்னும் ஹாலேரி மரபு அரசன். முத்துராசன் கேரி என்பதே மருவி மடிக்கேரி ஆயிற்று. ஆங்கிலேயர் அதனை மெர்க்காரா ஆக்கினர். கோட்டைக்குள் சுதையால் செய்த இரண்டு யானைகள் உண்மை யானையின் அளவிலேயே நிற்கின்றன. குழந்தைகளை அங்கிருந்து பெயர்த்துக் கொண்டு வருவது பெரும்பாடாயிற்று. இலிங்கராசேந்திரன் 1820-இல் எழுப்பிய ஓம்காரேசுவரர் கோயில் காணத்தக்கது. நடுவில் குவிமாடமும் நான்கு மூலையிலும் சிறு கோபுரங்களும் அமைந்து, தொலைவிலிருந்து நோக்கினால் பள்ளிவாசலோ என்று ஐயுற வைக்கும் சிவாலயம் அது. முன்னே தெப்பக்குளமும் அதன் நடுவே நடைபாதையோடு கூடிய மண்டபமும் உள்ளன.

குடகின் கடைசி அரசனான சிக்கவீர ராசேந்திரனை 1834-இல் ஆங்கிலேயர் அரியணையிலிருந்து இறக்கிக் காசிக்கு அனுப்பினர். பின்னர் அவன் தன் மகள் கௌரம்மாவுடன் இங்கிலாந்து சென்றான். 1852-இல் அப்பெண் கிறித்தவ மதம் தழுவியபோது விக்டோரியா அரசியே ஞானத்தாயாக நின்றார். நாட்டையும் மீளப் பெறாது, சொந்த மண்ணையும் மீளக் காணாது அயல்நாட்டில் அவன் இறந்த கதையை, 'சிக்கவீர ராசேந்திர' என்ற கன்னட நாவலாக 1956-இல் எழுதியவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். அந்நாவலுக்காக 1983-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு அவருக்குக் கிட்டியது. மாஸ்தி வீட்டில் பேசி வளர்ந்த மொழி தமிழ். கன்னட நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது என்பதால் இங்கே குறிக்கிறோம்.

மடிக்கேரித் தசராவின் தொடக்கமே கரகம். மாரியம்மன் கோயில்கள் நான்கிலிருந்து கரகங்கள் புறப்படும். அந்த நான்கனுள் ஒன்றில் கோயில் கொண்டிருப்பவள் யார் எனில் காஞ்சி காமாட்சி! கரகமும் காமாட்சியும் கலந்த திருவிழாவைக் கேட்ட நம் தாய்மார், 'இது நம்ம ஊர்த் திருவிழா அல்லவா?' என்றனர். குடகர் மொழியும் நமக்கு அந்நியமன்று. அறுவடைத் திருநாளைப் 'புத்தரி' என்கின்றனர். புது அரிசி என்று பிரித்தால் பொருள் தானே விளங்கும். இடியாப்பத்துக்கு நூல்புட்டு என்று பெயர். பழந்தமிழ்ப் புலவர் குடமலை என்று குறித்த நாடு இது.

இனிக் காப்பிக்கு வருவோம். யேமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்கமகளூர் மலையில் பாபா புதன் என்னும் அடியார் ஊன்றினார் என்பது வழிவழிச் செய்தி. குடகில் முதல் பெருந்தோட்டத்தை 1854-இல் மடிக்கேரியில் அமைத்தவர் ஃபௌலர் என்ற ஆங்கிலேயர். இன்று இந்தியக் காப்பியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குடகு ஒன்றிலேயே விளைகிறது.

தோட்டம் என்றதும் தேயிலை மலையைப் போல வெட்டவெளியில் வரிசை வரிசையாகச் செடி நிற்கும் என்று எண்ணிச் சென்றோம். அங்கே கண்டது காடு! பலாவும் அத்தியும் ஈட்டியும் சில்வர் ஓக்கும் வானை மறைக்க, அவற்றுக்குக் கீழே கலியாண முருங்கை, அதற்கும் கீழே ஆளுயரத்தில் காப்பிச்செடி. மரந்தோறும் மிளகுக்கொடி. நிழல் இல்லையேல் செடி வாடும், மண் கரையும், தோட்டத்து ஓடை வற்றும் என்று எங்களுக்கு வழிகாட்டிய ரைட்டர் சொன்னார். மரத்தை விற்றால் உடனே பணம் கிட்டும். ஆனால் ஓடை போய்விடும். அவ்வோடைகள் சேர்ந்ததே காவிரி என்பதை அவர் சொல்லாமலே உணர்ந்தோம்.

நாங்கள் சென்றது அராபிகா பறிக்கும் பருவம். ஒரே கொத்தில் பச்சைக் காயும் செம்பழமும் கலந்து இருக்கும். பழுத்ததை மட்டுமே கிள்ள வேண்டும். காயைப் பறித்தால் சுவை கெடும். எங்களுள் சிலர் இடுப்பில் பை கட்டிக்கொண்டு பறித்துப் பார்த்தோம். அரை மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு கிலோ கூடத் தேறவில்லை. ஒரு கிலோ காப்பிக்கொட்டைக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 கிலோ பழம் வேண்டும் என்பதைக் கேட்டபோது, மறுநாள் காலையில் டம்ளரின் அடியில் எவரும் மிச்சம் வைக்கவில்லை.

பறித்த பழத்தை இயந்திரத்தில் இட்டுத் தோலை உரித்து, ஊற வைத்துக் கழுவி, களத்தில் உலர்த்தினால் அராபிகாவில் அதுவே 'பிளாண்டேஷன்'. தோலோடு அப்படியே உலர்த்தினால் 'செர்ரி'. கடையில் 'பிளாண்டேஷன் ஏ' என்று கேட்கும்போது ஏ என்பது கொட்டையின் பருமனைக் குறிக்கும் எழுத்து. 'பீபெரி' வேறு இனம் என்று நம்மில் பலர் எண்ணியிருந்தனர். அவ்வாறன்று. பழம் ஒன்றுக்கு இரண்டு கொட்டை இயல்பு. ஒன்றே விளைந்தால் அது தட்டையாகாமல் உருண்டு நிற்கிறது, அதுவே பீபெரி. ஒரே செடியில் இரண்டும் காய்க்கும். பீபெரியே உயர்ந்ததென்றும் பிளாண்டேஷனே உயர்ந்ததென்றும் நம் குடியிருப்பின் இரு தெருக்களுக்கு இடையே நெடுங்காலமாக நடந்து வரும் வழக்கு இவ்வாறு ஒரே செடியில் வந்து முடிந்தது. சிக்கரியோ குடகின் விளைபொருளே அன்று. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகும் ஒரு செடியின் வேர். அதைக் காட்டும்படி கேட்ட நம் அன்பரை ரைட்டர் சற்று விசித்திரமாக நோக்கினார்.

தோட்டக்காரர்களுக்கும் கவலைகள் உண்டு. தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு அராபிகாவின் உயிரை வாங்குகிறது. அதனால் பலர் ரோபஸ்டாவுக்கு மாறினர். பலாப்பழத்தை நாடிக் காட்டு யானைகள் தோட்டத்துக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன. விடியலில் வேலைக்குச் செல்வோர் அவற்றின் காலில் பட்டு இறப்பதும் உண்டு.

அத்தோட்டத்தில் எரவர், குறுபர் என்னும் பழங்குடி மக்களோடு மலையாளிகளும் கன்னடியரும் அசாமிலிருந்து வந்தோரும் வேலை செய்கின்றனர். தமிழ்க் குடும்பங்களும் உண்டு. லைன் வீடுகளின் பக்கம் நாங்கள் பேசிக்கொண்டு செல்வதைக் கேட்டு ஒரு மூதாட்டி வெளியே வந்தார். 'எந்த ஊரு புள்ளைங்க? நம்ம பேச்சுப் பேசுதுங்களே' என்றார். அவர் பிறந்தது இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில். 1964-இல் சாத்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த உடன்பாட்டின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட இலட்சக்கணக்கானோருள் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுள் ஒரு பகுதியினரைத் தென்கன்னட மாவட்டத்துச் சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்தில் அரசினர் ரப்பர்த் தோட்டங்களில் குடியேற்றினர். மடிக்கேரியிலிருந்து மலை இறங்கினால் சுள்ளியா. அங்கே பால் வெட்டி ஓய்ந்து, மகள் வாழும் இவ்விடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

பெட்டியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்தார். இலங்கையிலேயே தங்கிவிட்ட தங்கை எழுதியது. 'காயிதம் வந்து மாசம் மூணாச்சு. எனக்குக் கண்ணு தெரியலை. பேரப்புள்ளைங்க கன்னடந்தான் படிக்குதுங்க. பேசுதுங்க, எழுத்துத் தெரியாது' என்றார். நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் இரண்டாம் ஆண்டு பயிலும் சிறுமி ஒருத்தியை அருகில் அழைத்து, 'பாப்பா, நீ எழுத்துக் கூட்டுவியா?' என்று கேட்டார். அக்குழந்தை கூட்டிக் கூட்டிப் படித்தது. ளகரமும் ழகரமும் இடம் மாறின. சில சொற்களில் நின்றபோது பாட்டியே ஊகித்து எடுத்துக் கொடுத்தார். முதல் பக்கம் நலம் விசாரிப்பு. இரண்டாம் பக்கத்தில் ஒரு சாவுச் செய்தி இருந்தது. அதைப் படிப்பதா என்று குழந்தை எங்களை நிமிர்ந்து பார்த்தது. 'படி கண்ணு, எங்க அண்ணன் சமாச்சாரந்தானே? எனக்கு மனசுல பட்டுச்சு' என்றார் அம்மூதாட்டி. படித்து முடித்ததும் உள்ளே சென்று எங்களுக்குக் கறுப்புக் காப்பி கொண்டு வந்தார். பதில் எழுதித் தர அங்கேயே ஒருவர் அமர்ந்தார். அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அருவி காணும் திட்டம் கைவிடப்பட்டது. அதற்காக வருந்தியவர் எவருமில்லை.

இத்தமிழ் வகுப்பில் மூன்றாண்டுகளுக்கு முன் 31 பிள்ளைகள் இருந்தனர். இவ்வாண்டு 14 பேர். வகுப்பு வேண்டுமா என்பது வரும் செயற்குழுவில் பேசப்படவிருக்கிறது. பயணத்தில் கண்டதைச் சொல்ல வந்தோம், கணக்கையும் சொல்லிவிட்டோம்.

மறுநாள் தலைக்காவிரிக்குப் புறப்பட்டோம். வழியெங்கும் மலைச்சரிவுகளில் செம்மண் காயங்கள் தெரிந்தன. 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் மடிக்கேரியைச் சூழ்ந்த மலைகள் பல இடங்களில் சரிந்தன. மக்கந்தூர், ஜோடுபாலா முதலிய ஊர்களில் வீடும் தோட்டமும் மண்ணுக்குள் சென்றன, உயிர்களும் போயின. சம்பாஜே வழியாக மங்களூர் செல்லும் நெடுஞ்சாலை வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. மழை ஒன்றே காரணமன்று. சாலைக்கும் கட்டடத்துக்குமாகச் சரிவுகளைச் செங்குத்தாக வெட்டியதும் காரணம் என்று புவியியலார் கூறினர். அக்கட்டடங்களுள் நம்போன்ற சுற்றுலாக்காரர் தங்குவதற்கென்று எழுந்தவையும் உண்டு. நாங்கள் தங்கிய விடுதியின் பின்புறத்திலும் நேராக வெட்டிய மண்சுவர் நின்றது. இரவில் பெரியவர்கள் சிலருக்கு உறக்கம் வரவில்லை.

பிரமகிரி மலையில், சுமார் 1,270 மீட்டர் உயரத்தில், முற்றத்து நடுவே ஒரு சிறு தொட்டி. அதுவே காவிரியின் ஊற்று. சற்றுக் கீழே பாகமண்டலத்தில் கன்னிகை என்னும் சிற்றாறு அவளோடு கூடுகிறது. இங்கிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகாரில் கடலில் கலக்கிறாள். நம் குடியிருப்பின் குழாயில் வருவதும் இந்த நீரே. இந்த நீரின் பொருட்டு 1991-இல் இந்நகரில் நம்மவர் கடையையும் வீட்டையும் இழந்து நின்றதை மூத்தோர் அறிவர். அன்றைய நாளில் குடும்பத்தோடு ஓசூருக்கு ஓடியவர் ஒருவர் எங்களுடன் வந்திருந்தார். தொட்டிக்கு முன் மாண்டியாவிலிருந்து வந்த உழவர் குடும்பங்களும் நாங்களும் ஒரே வரிசையில் நின்றோம். அருச்சகர் ஒரே செம்பிலிருந்து எல்லோர் கையிலும் நீர் வார்த்தார். நம் பெரியவர் அதைப் பருகிவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, பூம்புகாரில் இவ்வாண்டு நீர் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் கேட்டார்.

வரும் ஆண்டில் மீண்டும் குடகு செல்வதென்று முடிவாகியுள்ளது. இம்முறை பூக்காலத்தில். மார்ச்சு, ஏப்பிரலில் முதல் மழை பெய்து எட்டு அல்லது பத்து நாளில் தோட்டம் முழுவதும் ஒரே நாளில் வெள்ளைப் பூவாக மலரும். மல்லிகை மணம் வீசும். மூன்று நான்கு நாளில் உதிர்ந்துவிடும். மழை எந்நாளில் வரும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தோட்டத்திலிருந்து ரைட்டர் தொலைபேசியில் தெரிவிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே பெயர் கொடுப்போர் இரண்டு நாள் அறிவிப்பில் புறப்பட ஆயத்தமாக இருத்தல் வேண்டும். பிள்ளைகளின் தேர்வு அதே நாளில் வந்தால் சங்கம் பொறுப்பேற்காது. லைன் வீட்டுப் பாட்டிக்கு அடுத்த கடிதம் வந்திருக்கக்கூடும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு முதலில் இடம் ஒதுக்கப்படும். மலைப்பாதையில் தலைசுற்றல் உடையோர் முன் இருக்கையைக் கேட்டுப் பெறலாம். எலுமிச்சம்பழம் சங்கச் செலவில். முன்பணத்தைப் பொருளாளரிடம் செலுத்தலாம்.