இணைய விளம்பரமும் நாணயமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் சங்கத்திற்கென ஓர் இணையதளம் தொடங்க வேண்டும், அதில் விளம்பரங்களுக்கு இடந்தந்து, வரும் பணத்தைக் கொண்டு குழந்தைகளின் தமிழ் வகுப்பை நடத்த வேண்டும் என்று நம் இளைஞர்கள் விரும்புகின்றனர். நல்ல எண்ணம்; வரவேற்கிறேன். ஆயினும் அவ்வழியில் செய்யத் தகாதவை சில உண்டு. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தனாயிருப்பவன், இணையத்தைப் பற்றிப் பேசலாமோ என்று நீங்கள் எண்ணக்கூடும். இது கணக்கைப் பற்றிய பேச்சு, ஆதலின் துணிந்தேன்.

இத்தகைய விளம்பரத் திட்டங்களுள் பலரும் அறிந்தது கூகுள் நிறுவனம் 2003இல் தொடங்கிய 'ஆட்சென்ஸ்'. மறு ஆண்டே அந்நிறுவனம் நம் ஹைதராபாத்தில் அலுவலகம் அமைத்தது. ஆனால், தமிழ்த் தளங்களுக்கு அத்திட்டத்தின் கதவு 2018இல்தான் திறந்தது. பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து பெற்ற இடம் அது.

இவ்விழா மலரில் பக்கத்திற்கு இவ்வளவு என்று பேசி, விளம்பரம் வாங்குகிறோம். கடைக்காரரும் சங்கத்தின்பால் உள்ள அன்பினால், தெரிந்தே கொடுக்கிறார். இணையத்தில் அவ்வாறன்று. எத்தனை பேர் விளம்பரத்தைக் கண்டனர், எத்தனை பேர் விரும்பித் தொட்டனர் என்ற எண்ணிக்கைக்கே அங்கே விலை. எண்ணிக்கைதான் சரக்கு, எண்ணிக்கைதான் தராசு. மோண்டா மார்க்கெட்டில் ஒருவர் தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்தால் நாம் என்ன சொல்வோம்? இணையத்தில் விலக்கப்பட்ட செயல்கள் யாவும் அந்தப் புளியே.

அவற்றைச் சற்று எண்ணிப் பார்ப்போம். தன் தளத்தில் வரும் விளம்பரத்தைத் தானே தொடுதல் கூடாது. பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து எண்ணிக்கையைப் பெருக்குதலும் கூடாது. கூலிக்குச் சொடுக்குவோரையோ, மனிதர்போல் நடிக்கும் கணினி நிரல்களையோ அமர்த்துதல் பெருங்குற்றம். "இங்கே பதிவிறக்குக" என்னும் பொத்தானுக்கு அருகில் விளம்பரத்தை ஒட்டி வைத்து, கைதவறித் தொடச் செய்தலும் வஞ்சனையே. பிறர் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டு, அதன்மேல் விளம்பரம் வைத்தல் இருமுறை திருடுதலாகும்.

இவையெல்லாம் தீயோர் செய்வன; நம்மவர் செய்யார். நான் அஞ்சுவது, நல்லவர்கள் செய்யக்கூடிய ஒன்றை. "அன்பர்களே, நாள்தோறும் நம் தளத்து விளம்பரங்களைத் தொடுங்கள்; சங்கம் வளரும்" என்று யாரேனும் ஓர் ஆர்வலர் குழுவில் செய்தி அனுப்பிவிடுவார். அதுவும் விலக்கப்பட்டதே. நாம் பொருள் வாங்கப் போவதில்லை. ஆயினும் எங்கோ ஓர் ஊரில் சிறு கடை வைத்திருப்பவரின் பணம் கரையும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்! சங்கத்திற்குக் கொடை வேண்டுமாயின் உண்டியலைக் காட்டிக் கேட்போம். பிறர் பையில் கைவிட வேண்டாம்.

பொய்யெண்ணிக்கை புதிதன்று. பத்திரிகைகள் விற்பனையைக் கூட்டிச் சொல்வதற்கு இடமிராவண்ணம், அதனைத் தணிக்கை செய்ய 1948இலேயே நம் நாட்டில் ஓர் அமைப்பு தோன்றியது. இணையக் காலத்தில் அப்பொய் பேருருக் கொண்டது. அலெக்சாந்தர் ஜூக்கோவ் என்னும் ரஷ்யர், ஏறத்தாழ இரண்டாயிரம் கணினிகளை வாடகைக்கு எடுத்து, இல்லாத மனிதர்கள் விளம்பரம் பார்ப்பதாகக் காட்டி, எழுபது இலட்சம் டாலருக்கு மேல் பறித்தார். 2021இல் அமெரிக்க நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. நம் நாட்டிலும் 2023 நவம்பரில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள், விளம்பரத்தைச் செய்திபோல் வேடமிட்டுக் காட்டுவதைத் தடை செய்துள்ளன.

சிறு தளங்கள் தவறினால் சிறை வாராது, கணக்கு மூடப்படும். சேர்ந்த பணம் நிறுத்தப்பட்டு, இயன்றவரை விளம்பரதாரர்க்கே திருப்பப்படும். அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. தமிழ்ப் பக்கங்களில் வரும் எண்ணிக்கை நம்பத்தக்கதன்று என்ற பெயர் பரவினால், விளம்பரதாரர் தமிழை விட்டு விலகுவர். நேர்மையாக எழுதிப் பிழைக்கும் தமிழரின் வருவாயும் அத்தோடு குன்றும்.

ஆகவே, தளம் தொடங்குமுன் மூன்று உறுதிகள் செய்துகொள்வோம். நாம் எழுதியதையே வெளியிடுவோம். விளம்பரத்தை விளம்பரம் என்று தெளிவாகக் காட்டுவோம். தொடுமாறு எவரையும் வேண்டோம். இவ்வழியில் மாதம் நூறு ரூபாயே வரினும் வரட்டும். அது குழந்தைகளின் வகுப்பறைக்குள் தலைநிமிர்ந்து நுழையும் பணமாயிருக்கும்.