பிள்ளையை விசாரிக்க ஆள் வேண்டும்

(சிறுவர் கால்பந்துப் போட்டிப் பரிசளிப்பில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற வருடம் நம் அணிக்குக் கோல் காத்த பையன் இன்று இந்த வரிசையில் இல்லை. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போகிறான். அவன் விஷயத்துக்கு வருவதற்கு முன்னால், ஒரு பழைய ஆட்டக்காரரின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கல்கத்தாவில் மெட்டியாபுரூஸ் என்றொரு பகுதி. வங்காளத்திலிருந்து வந்து நம் ஊரில் பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளைக் கேட்டால் தெரியும். அதுவும் நம் ஊரைப் போலத் தையல் மெஷின் சத்தத்தில் விழிக்கிற இடம். 1904ஆம் ஆண்டு அங்கே பிறந்தவர் முஹம்மது சலீம். வெறுங்காலோடு பந்தாடுவார். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடம் கல்கத்தா லீக் கோப்பையை வென்றது முஹம்மடன் ஸ்போர்ட்டிங். அதற்கு முன் எந்த இந்திய அணியும் அந்த லீக்கை வென்றதில்லை. அந்த அணியின் வலது ஓரத்தில் ஓடியவர் சலீம்.

1936இல் இங்கிலாந்தில் இருந்த உறவினர் ஹாஷிம் ஊருக்கு வந்திருந்தார். சலீமின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, கையோடு கப்பலில் அழைத்துப் போனார். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் பெரிய அணி செல்டிக். அதன் மேலாளர் வில்லி மேலியிடம் போய், "இந்தியாவிலிருந்து ஒரு நல்ல ஆட்டக்காரர் வந்திருக்கிறார், வெறுங்காலில்தான் ஆடுவார், ஒரு முறை பாருங்கள்" என்று பேசினார். பூட்ஸ் போட்டவர்கள் நடுவே வெறுங்கால் ஆளா என்று அவர்களுக்கு ஆச்சரியம். ஆனாலும் ஆடச் சொல்லிப் பார்த்தார்கள். பார்த்ததும் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த ஆகஸ்டில் கால்ஸ்டன் அணியோடு நடந்த ஆட்டத்தில் செல்டிக் 7-1 என்று ஜெயித்தது. மறுநாள் பத்திரிகைகள் சலீமின் காலைப் பற்றித்தான் எழுதின. அந்த நாட்களில் எடுத்த ஒரு படம் இன்றும் இருக்கிறது. சலீம் உட்கார்ந்திருக்கிறார். செல்டிக்கின் பழைய நட்சத்திரம் ஜிம்மி மெக்மெனமி குனிந்து அவர் காலுக்குத் துணிக்கட்டுப் போடுகிறார். நம்மை வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

சில மாதங்களில் சலீமுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். உங்களுக்காக ஒரு ஆட்டம் வைத்து வசூலில் ஐந்து சதவீதம் தருகிறோம் என்றும் சொன்னார்களாம். அதை ஆட்டம் பார்க்க வரும் அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னதாகச் சொல்லப்படுகிறது. ஊர் திரும்பி மறுபடியும் முஹம்மடனுக்கே ஆடினார். 1980இல் காலமானார்.

அவருடைய கடைசிக் காலத்தில் நடந்த ஒன்றுதான் என் மனதில் நிற்கிறது. அவர் நோயாகக் கிடந்தபோது மகன் செல்டிக்குக் கடிதம் எழுதினார். சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்று எழுதினாலும், அவருடைய நோக்கம் வேறு. நாற்பது வருடத்துக்கு முன் சில மாதமே இருந்துவிட்டு வந்த தன் தகப்பனாரை அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்க நினைத்தார். பதில் வந்தது. உள்ளே நூறு பவுண்டுக்கு ஒரு வங்கி டிராஃப்ட். மகன் அதை மாற்றவே இல்லை. பத்திரமாக வைத்துக்கொண்டார்.

சலீமுக்குத் திறமையை அல்லாஹ் கொடுத்தான். ஆனால் அவருக்காகப் போய்ப் பேச ஒரு ஹாஷிம் இருந்தார். காலுக்குக் கட்டுப்போட ஒருவர் குனிந்தார். கடைசியில், மறக்காமல் பதில் எழுத ஆள் இருந்தது.

இனி நம் பையன் விஷயம். அவனுக்கு நாம் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். பந்து கொடுத்தோம். ரசீதெல்லாம் ஃபைலில் சரியாக இருக்கிறது. அவன் இரண்டு வாரம் பயிற்சிக்கு வரவில்லை. நான் வருகைப் பதிவில் ஆப்சென்ட் போட்டேன், வீட்டுக்குப் போகவில்லை. மூன்று மாதம் கழித்துப் போனபோதுதான் தெரிந்தது, அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய வாரவட்டிக் கடனுக்கு அவன் சனிக்கிழமைச் சம்பளம் போய்க்கொண்டிருக்கிறது. நம் பைத்துல்மாலில் வட்டியில்லாக் கடன் இருக்கிறது என்பது அந்தத் தாயாருக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவன் நான்.

விளையாட்டுக்கு எதற்குச் செலவு என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் பதில் இது: அந்த மைதானம்தான் பிள்ளைகள் வாரத்துக்கு மூன்று நாள் நம் கண்ணுக்குத் தெரிகிற இடம். ஒருவன் வராவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். தெரிந்தும் போகாமல் இருந்தால் குற்றம் நம்முடையது.

நிர்வாகக் குழுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இரண்டு பயிற்சிக்கு ஒரு பிள்ளை வராவிட்டால், அந்த வாரமே இரண்டு பேர் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். முதல் பெயராக என் பெயரை எழுதியிருக்கிறேன். இன்னும் பதினொரு பேர் வேண்டும். கம்பெனி நடத்துகிறவர்களும் வர வேண்டும், டெய்லர்களும் வர வேண்டும். வாசலில் நோட்டு இருக்கிறது.

அந்தப் பையனின் கடனை மாற்றுவதற்கு மனு வாங்கியாகிவிட்டது. இன்ஷா அல்லாஹ், இந்த வருடம் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுவான். அவனுடைய கையுறை என் மேஜையில்தான் இருக்கிறது, வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.