டபள் கெப் வாங்கப் போகிறீர்களா?

உடப்புசல்லாவைப் பக்கம் காடு மலை சுற்ற டபள் கெப் வாங்க நினைப்பவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

இலங்கையில் 2020இல் நின்றுபோன வாகன இறக்குமதி 2025இல் மறுபடி தொடங்கியது. ஷோரூம்களில் புது வண்டிகள் மினுங்குகின்றன. மினுக்கத்தை விடுங்கள்; குனிந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். தோட்டத்து ரோட்டில் கல் துருத்திக்கொண்டு நிற்கும். தரையிலிருந்து 20 சென்டிமீட்டராவது இடைவெளி இருந்தால் நல்லது.

அடுத்தது ஃபோர்வீல். அதில் 'லோ' கியர் உண்டா என்று கேளுங்கள். ஏற்றத்துக்கு மட்டுமல்ல, இறக்கத்துக்கும் அதுதான் துணை. எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடேறாது. ஆனால் பல டபள் கெப்களில், காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்வீல் போடக்கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல வேண்டும். இரண்டையும் பூட்டிவிட்டால் பற்சக்கரங்களுக்குத்தான் சேதம்.

பின்பக்கம் பாரமில்லாத கெப் துள்ளும். வடகீழ்ப் பருவ மழையில் வழுக்கும். நீளமான வண்டி கொண்டை ஊசி வளைவில் ஒரே வெட்டில் திரும்பாது. ஆகவே டவுனில் ஓட்டிப் பார்த்தால் போதாது. ராகலைப் பக்கம் ஏற்றிப் பாருங்கள்.

நல்ல டயருக்கும் காசு ஒதுக்குங்கள். டயர் மொட்டையென்றால், ஃபோர்வீல் வண்டியில் நாலு சக்கரமும் ஒற்றுமையாக வழுக்கும்!