பழைய சைக்கிளை எடைக்குப் போடாதீங்க
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பத்தமடை உறுப்பினர் ஒருவர் பேசியது)

பள்ளிக்கூடத்துல என் மகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள், அவ கல்யாணமாகிப் போனபிறகு தொழுவத்துல துருப்பிடிச்சுக் கிடந்தது. பழைய இரும்புக்காரர் 300 ரூபாய் தாரேன்னார். கொடுக்க மனசு வரல.

நானே பிரிச்சேன். செயினை ஒரு ராத்திரி டீசல்ல ஊறப்போட்டேன். பின்சக்கர அச்சுல பக்கத்துக்கு 9 குண்டு. தேய்ஞ்சதை மாத்தி கிரீஸ் வச்சேன். கோனை இறுக்குறதுலதான் சூட்சுமம். அதிகம் இறுக்கினா சக்கரம் சுத்தாது, லூசா விட்டா ஆடும். மூணு தடவை கழற்றி மாட்டினேன். ரிம் கோட்டம் மட்டும் எனக்கு வசப்படல, கடையில கொடுத்தேன். சுருட்டின பாய் நிக்கிற மாதிரி கேரியரையும் அகலமா வெல்டிங் வச்சாச்சு. கடைக்காரர், "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா?"ன்னு சிரிச்சார்.

1990களின் தொடக்கத்துல புதுக்கோட்டையில, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் படிச்சாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஆம்பளை சைக்கிளையே ஓட்டினாங்க. முன்கம்பியில பிள்ளையை உட்கார வச்சாங்க. அவங்களைப் பார்த்து யாரு சிரிக்கலங்கீங்க?

முன்னே பாய் கொண்டுபோக வீட்டுக்காரர் எப்ப வருவார்னு காத்துக் கிடப்பேன். இப்போ சேரன்மகாதேவிக்கு நானே கொண்டுபோயிடுதேன். பிரேக் கட்டைதான் இன்னும் கிறீச்சுங்குது, மாத்தணும்.