ஆப்பிளுக்குள்ளே ஒரு நட்சத்திரம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், அங்கன்வாடிப் பணியாளராக உள்ள உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



"அங்கன்வாடியில புள்ளைங்க என்னதான் படிக்குது? சோறு தின்னுட்டு விளையாடிட்டு வருது. பக்கத்து வீட்டுப் புள்ள நர்சரியில ஏ, பி, சி எழுதுது." நம்ம உறுப்பினர்களே இப்படிக் கேட்கிறீங்க. மூணு வயசுப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட, குழுவிலேயே கடன் கேட்கிறவங்களும் உண்டு. அதுக்குப் பதில் சொல்லத்தான் இன்னைக்கு ஒரு ஆப்பிள் கொண்டு வந்திருக்கேன்.

நம்ம மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் இருக்கின்றன. மூன்று வயதில் அதில் பாதிகூட எலும்பாக மாறியிருக்காது. மீதியெல்லாம் இன்னும் குருத்தெலும்புதான். விரல்களிலும் பலம் போதாது. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து "எழுது, எழுது" என்றால் பிள்ளைக்கு வலிக்கும்; எழுத்து மேலேயே வெறுப்பு வரும். கிழிக்க, ஒட்ட, பிசைய, அச்சு வைக்க விட்டால் விரல்கள் பலப்படும். பிறகு பென்சில் தானாகப் பிடிபடும். ஆக, நீங்க விளையாட்டு என்று நினைப்பது எழுத்துக்கு முதல் பாடம்.

ஆவணி முதல் ஐப்பசி வரை இமாசலப் பிரதேசம், காஷ்மீர் ஆப்பிள் நம்ம சந்தைக்கு நிறைய வருது. அங்கே இது அறுவடைக் காலம். ஆயுத பூஜைக்கு நாமும் ஒன்றிரண்டு வாங்குவோம். அதை வைத்தே வீட்டில் செய்யக்கூடிய நாலு வேலைகள் சொல்றேன்.

ஒன்று: ஆப்பிளை எப்போதும் போல நெடுக்கே வெட்டாமல் குறுக்கே வெட்டுங்க. இதோ பாருங்க, நடுவில் ஐந்து முனை நட்சத்திரம்! பிள்ளையை எண்ணச் சொல்லுங்க. ஒரு துண்டில் எலுமிச்சைச் சாறு தடவுங்க, இன்னொன்றைச் சும்மா வையுங்க. சும்மா வைத்தது காற்றுப் பட்டுப் பழுப்பாகும். "ஏம்மா?" என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்விதான் படிப்பு. அப்புறம் பங்கு போட்டுச் சாப்பிடுங்க.

இரண்டு: அச்சு வைப்பது. "தின்கிற பொருளை வீணாக்கலாமா?" என்று கேட்பீங்க. வேண்டாம். வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை எப்படியும் வெட்டித்தானே போடுறோம்? அதன் வெட்டுப் பக்கத்தைத் துணியில் ஒற்றிவிட்டு, சாயத்தில் தொட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வைத்தால் பூப்போல விழும். ஒரு பக்கம் அழுகிய ஆப்பிள் இருந்தால் நல்ல பக்கத்தில் நட்சத்திர அச்சு வைக்கலாம். சாயத்துக்கு பீட்ரூட் சாறு, வீட்டில் அரைத்த மஞ்சள் போதும். கடையில் விற்கிற கலர் கோலப்பொடி வேண்டாம். பிள்ளை கையை வாயில் வைக்கும்.

மூன்று: தாளில் பெரிய ஆப்பிள் வரைந்து கொடுங்க. பழைய நோட்டீஸ், காலண்டரில் உள்ள சிவப்புத் தாளைப் பிள்ளையே துண்டு துண்டாகக் கிழித்து, மைதாப் பசையால் உள்ளே ஒட்டட்டும். கத்தரிக்கோல் வேண்டாம். கிழிப்பதுதான் விரலுக்கு வேலை.

நாலு: களிமண்ணை உருட்டி ஆப்பிள் செய்து, ஈர்க்குக் காம்பும் ஒரு வேப்பிலையும் செருகட்டும். ஆப்பிள் வாங்க முடியலையா? இதே மாதங்களில் நம்ம ஊர்ச் சீத்தாப்பழம் இருக்கு. அதைச் செய்யட்டும், மேலே உள்ள மேடுபள்ளத்தை விரல் நுனியால் அழுத்தி அழுத்தி வைக்கட்டும்.

மூணு எச்சரிக்கை. கத்தி உங்க கையில் மட்டும். விதைகளைப் பிள்ளை கையில் விடாதீங்க. மூக்கில், காதில் போட்டுக்கொள்ளும். சின்னப் பிள்ளைக்கு ஆப்பிளைக் கட்டியாகக் கொடுக்காமல் மெல்லிசாகச் சீவிக் கொடுங்க, தொண்டையில் அடைக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். "கோணலா இருக்கு, குடு, நான் ஒட்டுறேன்" என்று பிடுங்காதீங்க. நாம் அழகாக ஒட்டினால் நம்ம கைக்குத்தான் பயிற்சி! ஆப்பிள் நீலமாக இருந்தாலும் பரவாயில்லை. "இதைப் பத்திச் சொல்லு கண்ணு" என்று கேளுங்க. பிள்ளை பேசும். பேச்சு வளர்ந்தால் படிப்பும் வளரும்.

சகோதரிகளே, சாயங்காலம் பிள்ளை வந்ததும் "என்ன எழுதினே?" என்று கேட்காமல், "இன்னைக்கு என்ன செஞ்சே?" என்று கேளுங்க. அது செய்ததைச் சுவரில் ஒட்டுங்க. கடன் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் உங்க ஊர் அங்கன்வாடிக்கு வந்து, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பாருங்க. அங்கே வெறும் சோறுதான் என்றால், "இதையெல்லாம் செய்யுங்க" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு பழைய காலண்டர் கொண்டு வாங்க. மொத்தமாக அங்கன்வாடிக்குக் கொடுப்போம். நம்ம பிள்ளைங்க கிழிக்கட்டும், ஒட்டட்டும், வளரட்டும்.